மெக்டேவிட், டிரைசைட்டல் இருவரையும் ஏன் எப்போதும் ஒரே லைனில் ஆட விடுவதில்லை? ஐஸ் ஹாக்கியில் லைன் கட்டும் கணக்கு

கேள்வி: எட்மன்டன் ஆய்லர்ஸில் கானர் மெக்டேவிட், லியோன் டிரைசைட்டல் என்று இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். சேர்ந்து இறங்கினால் கோல் கொட்டுகிறது. ஆனாலும் கோச் பாதி நேரம் இருவரையும் பிரித்துத்தான் வைக்கிறார். லைன் யார் யார் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்: லைன் என்றால் ஒன்றாக இறங்கும் மூன்று ஃபார்வேர்டுகள் (தாக்கும் ஆட்டக்காரர்கள்): நடுவில் சென்டர், இரு பக்கமும் விங்கர்கள். ஆனால் கோச்சுகள் பெரும்பாலும் மூன்று பேராக யோசிப்பதில்லை. முதலில் ஒரு ஜோடியைப் பிடிப்பார்கள். அந்த ஜோடியிடம் எது இல்லையோ அதைக் கொண்டுவரும் ஆளை மூன்றாவதாகச் சேர்ப்பார்கள். இப்படி நான்கு லைன் கட்டி முடித்ததும் 60 நிமிடத்தை அவற்றுக்குப் பங்கு போட வேண்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இந்தப் பங்கீட்டில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டம் ஒன்றுக்கு உடை மாற்றி இறங்குவது 20 பேர். அதில் 2 பேர் கோலி (கோல் காப்பவர்). மீதி 18 பேரில் வழக்கமாக 12 ஃபார்வேர்ட், 6 டிஃபென்ஸ். ஆக நான்கு லைன். ஒரே நேரத்தில் பனியில் இருப்பது ஒரு லைன், இரண்டு டிஃபென்ஸ், ஒரு கோலி. ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருமுறை இறங்கி ஆடும் நேரம், 40 முதல் 50 விநாடி. அதற்கு மேல் போனால் கால் கனத்துவிடும், திரும்பி ஓடி வந்து தடுக்க முடியாது. பெனால்டிகள் போக, ஐந்துக்கு ஐந்து ஆடும் நேரம் ஒரு சாதாரண ஆட்டத்தில் ஏறக்குறைய 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் லைனுக்கு 15, இரண்டாவதுக்கு 14, மூன்றாவதுக்கு 12, நான்காவதுக்கு 9. பவர் ப்ளே (பெனால்டியால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது ஆடுவது) நேரத்தையும் சேர்த்தால் முதல் லைன் ஆட்டக்காரர் ஒருவருக்கு 20 நிமிடத்தை ஒட்டி வரும்.

இப்போது மெக்டேவிட், டிரைசைட்டல் இருவரையும் ஒரே லைனில் போடுங்கள். 15 நிமிடம் அபாரமாக இருக்கும், நேரத்தை அதிகரித்தால் 18 நிமிடம். மீதி 32 நிமிடமாவது இருவருமே பெஞ்சில். பிரித்து வைத்தால் 29 நிமிடம் இருவரில் ஒருவர் பனியில் இருப்பார். எதிரணியிடம் நல்ல டிஃபென்ஸ் ஜோடி பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அது ஒருவரைத்தான் பிடிக்க முடியும், மற்றவர் இரண்டாம் தர ஜோடியை எதிர்த்து ஆடுவார். வெளியூர் ஆட்டங்களில் இது இன்னும் முக்கியம். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது ஆளை மாற்றும் கடைசி உரிமை சொந்த ஊர் அணிக்கே. உங்கள் ஒரே பெரிய லைன் இறங்கியதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய சிறந்த தடுப்பு லைனை எதிர்க் கோச் எதிரே நிறுத்திவிடுவார்.

அப்படியானால் சேர்த்து ஆட விடுவதே கூடாதா? அப்படியில்லை. பின்தங்கியிருக்கும் மூன்றாம் பீரியட் (கடைசி 20 நிமிடம்), எதிரணி ஐசிங் செய்து (தன் பாதியிலிருந்து பக் எனும் ரப்பர் வட்டை மறுகோடி வரை தள்ளிவிட்டு) அதன் களைத்த ஐந்து பேர் மாற முடியாமல் சிக்கியிருக்கும்போது வரும் ஃபேஸ்ஆஃப் (இருவருக்கு நடுவே நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவது), நம் பெனால்டி முடிந்ததும் வரும் முதல் ஷிஃப்ட் ஆகிய இடங்களில் இருவரையும் சேர்த்து இறக்குவது லாபம். 2022 பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்-அவுட் தொடர்கள்) கால்கரிக்கு எதிரான தொடர் முழுக்கச் சேர்த்து ஆட விட்டதற்குக் காரணம் வேறு. டிரைசைட்டலுக்கு அதற்கு முந்தைய தொடரிலேயே கணுக்காலில் அடி. சென்டராக ஆடினால் ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை, கிட்டத்தட்ட 178 அடி, ஒவ்வொரு முறையும் போய்வர வேண்டும். விங்கில் அந்த ஓட்டம் குறைவு. மெக்டேவிட் பக்கத்தில் விங்கராகப் போட்டார்கள், 5 ஆட்டத்தில் 17 புள்ளி (கோலுக்கும் கோலுக்கு உதவிய பாஸுக்கும் தலா ஒன்று) எடுத்தார். அடுத்த சுற்றில் கொலராடோ 4–0 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரு லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மற்ற மூன்றும் தாங்காவிட்டால் நடப்பது இதுதான்.

பங்கீட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு 2016 பிட்ஸ்பர்க். சிட்னி கிராஸ்பி ஒரு லைன், எவ்கெனி மால்கின் ஒரு லைன். மார்ச்சில் மால்கினுக்கு அடிபட்டபோது நிக் பொனினோவை சென்டராக்கி, அவருக்கு இரு பக்கமும் கார்ல் ஹேகலின், ஃபில் கெஸல் என்று கோச் மைக் சல்லிவன் வைத்தார். மால்கின் திரும்பி வந்த பிறகும் அந்த மூவரைக் கலைக்கவில்லை. கெஸல் போன்ற கோல் அடிக்கும் ஆள் மூன்றாவது லைனில் ஆடினால், அவரைப் பிடிக்க எதிரணியின் மூன்றாவது டிஃபென்ஸ் ஜோடிதான் மிஞ்சும். அந்த பிளேஆஃபில் பிட்ஸ்பர்க்கில் அதிகப் புள்ளி கெஸலுக்குத்தான், 22. கோப்பையும் வந்தது. 2025 கோப்பை இறுதித் தொடரில் எட்மன்டனை புளோரிடா வீழ்த்தியதும் இதே கணக்கில்தான். அங்கே மூன்றாவது லைனில் ஆடிய பிராட் மார்ஷாண்ட் இறுதித் தொடரில் மட்டும் 6 கோல் அடித்தார்.

சரி, ஒரு லைனுக்குள்ளே போவோம்.

சென்டரின் வேலையும் விங்கரின் வேலையும் வேறு வேறு. நம் பகுதியில் பக் இருக்கும்போது சென்டர் கீழே இறங்கி, இரண்டு டிஃபென்ஸ்மேனோடு மூன்றாவது ஆளாகக் கோலுக்கு முன்னும் மூலைகளிலும் நிற்பார். விங்கர்கள் மேலே, நம் பகுதியின் எல்லையான நீலக்கோட்டு அருகே நிற்கும் எதிரணி டிஃபென்ஸ்மேன்களைப் பார்த்துக்கொள்வார்கள். பக் நம் கைக்கு வந்ததும் விங்கர் பக்கவாட்டுப் பலகையை ஒட்டி நின்று முதல் பாஸை வாங்க வேண்டும். இடிபட்டாலும் அந்த பக்கை நீலக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். டிவியில் யார் கண்ணுக்கும் படாத வேலை இது. இது வராத விங்கரை, எத்தனை கோல் அடித்தாலும், எந்தக் கோச்சும் கடைசி ஐந்து நிமிடத்தில் முன்னிலையைக் காக்க அனுப்ப மாட்டார்.

எதிரணிப் பகுதியில் பக்கைத் துரத்தும்போது இடத்துக்கு ஏற்ப மூவருக்கும் எண் உண்டு. முதலில் போய்ச் சேர்பவர் பக் வைத்திருப்பவரை அழுத்துவார். இரண்டாமவர் அவருக்குத் துணையாகப் போய் முதல் பாஸின் வழியை அடைப்பார், அல்லது சிதறும் பக்கை எடுப்பார். மூன்றாமவர் மேலே நிற்பார். பக் நமக்குக் கிடைத்தால் ஷாட் அடிக்கத் தயாராக இருப்பதும், கிடைக்காவிட்டால் முதலில் பின்னால் ஓடுவதும் அவர் பொறுப்பு. மூன்று பேரும் பக் வெறி பிடித்தவர்களாக இருந்தால் மூவரும் கோல் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்கள். ஒரு பாஸ் தப்பியதும் எதிரணி மூன்று பேர் நம் இரண்டு டிஃபென்ஸ்மேனை நோக்கி வருவார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் மூவர் சேர்ந்தும் கோல் வாங்கிக்கொண்டே இருக்கும் லைனில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மேலே நிற்கும் அந்த மூன்றாம் ஆள் எங்கே?

ஆகவே ஒரு லைனுக்குத் தேவை மூன்று குணம்: பக்கைப் பிடுங்கி வருபவர், அதை வைத்துப் பாஸ் போடுபவர், அடிப்பவர். ஒரே ஆளிடம் இரண்டு குணம் இருக்கலாம். ஆனால் மூன்றில் ஒன்று யாரிடமும் இல்லையென்றால் லைன் நொண்டும். பாஸ் போடும் மூன்று பேரைச் சேர்த்தால் பக் அழகாகச் சுற்றும், ஷாட் வராது. அடிக்கும் மூன்று பேரைச் சேர்த்தால் முதல் ஷாட்டுக்குப் பிறகு பக் எதிரணியிடம் போய்விடும், அதை மீட்க ஆள் இருக்காது.

வான்கூவரின் செடின் இரட்டையர்கள் இதற்கு நல்ல பாடம். ஹென்ரிக் சென்டர், டேனியல் இடது விங். பார்க்காமலே ஒருவருக்கொருவர் பாஸ் போடுவார்கள். ஜோடி தயார், மூன்றாவது யார் என்பதே பல ஆண்டுக் கேள்வி. 2005–06 பருவத்தில் ஆன்சன் கார்ட்டர் அவர்களோடு 33 கோல் அடித்தார். அடுத்த பருவம் வேறு அணிக்குப் போனவருக்கு அதில் பாதிகூட வரவில்லை. பிறகு 2009-ல் அலெக்ஸ் பரோஸ் வந்தார். டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் முறை) எந்த அணியும் எடுக்காத ஆள். மூலைக்கு முதலில் ஓடுவார், கோலுக்கு முன்னே ஸ்டிக்கைப் பனியில் வைத்துக்கொண்டு நிற்பார், இரட்டையர்கள் பக்கைச் சுழற்றும்போது குறுக்கே வர மாட்டார். 2009–10-ல் 35 கோல். அதே பருவத்தில் ஹென்ரிக் 112 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம். அணியின் மூன்றாவது சிறந்த ஃபார்வேர்டைத்தான் அங்கே போட வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் இந்த லைன் அமைந்திருக்காது.

கடைசி லைனிலும் இதே கதைதான். டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற கிரைண்ட் லைனில் நிலையான ஜோடி கிரிஸ் டிரேப்பர், கர்க் மால்ட்பி. மூன்றாவதாக முதலில் ஜோ கோகர், பிறகு டேரன் மக்கார்ட்டி. பெயர் மாறியது, லைன் மாறவில்லை.

அடுத்தது கை. ஸ்டிக்கின் கீழ்ப்பகுதியை இடது கையால் பிடித்து இடப்பக்கம் ஆடுபவர் இடக்கை ஷாட், வலது கையால் பிடித்தால் வலக்கை ஷாட். எழுதும் கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இடக்கை ஷாட் விங்கர் இடது விங்கில் நின்றால், தன் பகுதியில் பலகையோரம் வரும் பாஸை ஸ்டிக்கின் முன்முகத்தில் வாங்கலாம், சுலபம். அவரையே வலது விங்கில் நிறுத்தினால் அதே பாஸ் பின்முகத்துக்கு வரும். தடுமாறுவார், பக் நீலக்கோட்டைத் தாண்டாது. ஆனால் எதிரணிப் பகுதிக்குள் போனதும் கதை திரும்பிவிடும். வலது விங்கில் இருக்கும் இடக்கை ஷாட்டுக்கு ஸ்டிக் நடுவை நோக்கி இருப்பதால் கோலைப் பார்க்கும் கோணம் அதிகம். குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிக்கலாம். டிரைசைட்டல் பவர் ப்ளேயில் வலது ஓரம் கோல் கோட்டை ஒட்டி நின்று அடிப்பதும், வலக்கை ஷாட்டான ஒவெச்கின் இடது வட்டத்திலிருந்து அடிப்பதும் இந்தக் கணக்கில்தான். எனவே அதிகம் தாக்கும் லைனில் மாற்றுப் பக்க விங்கரை வைக்கலாம். தன் பகுதியில் அதிக ஃபேஸ்ஆஃப் எடுக்கப் போகும் லைனில் வைத்தால் வலியை நாமே விலைக்கு வாங்குவதுதான்.

சென்டரின் கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இடக்கை சென்டருக்கு முன்முகப் பாஸ் இயல்பாக வலப்பக்கம் போகும். அதனால் அவருடைய அடிக்கும் ஆள் வலது விங்கில் இருந்தால் நல்லது. புளோரிடாவில் அலெக்ஸாண்டர் பார்கோவ் இடக்கை சென்டர், சாம் ரெய்ன்ஹார்ட் வலது விங்கர். 2023–24-ல் ரெய்ன்ஹார்ட் 57 கோல் அடித்த பருவத்தின் ஆட்டங்களைப் பார்த்தால் இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும்.

ஃபேஸ்ஆஃபில் கை இன்னும் நேரடியாக வேலை செய்கிறது. பெரும்பாலோர் பின்முகத்தால் பக்கைப் பின்னுக்கு இழுப்பார்கள், அதில்தான் பலம். வலக்கை சென்டர் அப்படி இழுத்தால் பக் அவருக்கு வலப்பக்கமாகப் போகும். தன் பகுதியின் வலப்பக்க ஃபேஸ்ஆஃப் புள்ளியில் நின்றால் பக் பலகையோரம் போய்விடும், கோலுக்கு முன்னே வராது. இடப்பக்கப் புள்ளியில் அதே இழுப்பு பக்கைக் கோலுக்கு எதிரே கொண்டுவந்து போடும். ஆகவே லைனில் சென்டரைத் தவிர, எதிர்க் கை கொண்ட இன்னொருவருக்கும் ஃபேஸ்ஆஃப் தெரிந்திருந்தால் பெரிய வசதி. விதி மீறியதற்காக நடுவர் சென்டரை அந்த ஃபேஸ்ஆஃபிலிருந்து வெளியேற்றினாலும் வேலை கெடாது. அதே ஃபேஸ்ஆஃபில் இரண்டாம் முறை விதி மீறினால் 2 நிமிடப் பெனால்டி என்பதால், மாற்றாக வருபவர் கவனமாகத்தான் ஆட முடியும். அவருக்குப் பழக்கமே இல்லையென்றால் தோற்றது போலத்தான்.

இந்த ஒரு காரியத்துக்காகவே லைனைத் தற்காலிகமாக மாற்றுவதும் உண்டு. 1987 கனடா கோப்பை இறுதியின் மூன்றாவது ஆட்டம், சோவியத் அணியோடு 5–5, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. கனடாவின் பகுதியில் ஃபேஸ்ஆஃப். கோச் மைக் கீனன் இறக்கிய மூன்று ஃபார்வேர்டுகளும் சென்டர்கள்: கிரெட்ஸ்கி, லெமியூ, டேல் ஹாவர்சக். ஃபேஸ்ஆஃப் எடுக்க ஹாவர்சக். அங்கிருந்து கிளம்பிய பக் கிரெட்ஸ்கியிடம் போய், அவர் பின்னால் விட்ட பாஸில் லெமியூ அடித்தார். டிஃபென்ஸ்மேன் லாரி மர்ஃபி கோலை நோக்கி ஓடி எதிரணியின் ஆளை இழுத்துக்கொண்டு போனார். 1 நிமிடம் 26 விநாடி மிச்சமிருக்க 6–5.

லைன் கட்டும்போது பவர் ப்ளே, பெனால்டி கில் (நம் அணியில் ஆள் குறைந்திருக்கும்போது தடுத்து ஆடுவது) ஆட்கள் யார் என்பதைச் சேர்த்துப் பார்க்காதவர்கள் நிறைய. பெனால்டி கில்லில் இரண்டிரண்டு ஃபார்வேர்டுகளாக இறங்குவார்கள். அந்த நான்கு பேரை நான்கு லைனிலிருந்தும் ஒவ்வொருவராக எடுத்தால், பெனால்டி முடிந்த கணமே நான்கு லைனிலும் ஒரு களைத்த ஆள் இருப்பார். முழு லைன் ஒன்றுகூட இறங்கத் தயாராக இருக்காது. அதனால்தான் ஜோடியாக எடுப்பது. புளோரிடாவில் பார்கோவ், ரெய்ன்ஹார்ட் ஒரு ஜோடி, ஆன்டன் லுண்டெல், ஈட்டு லுவோஸ்டரினன் இன்னொரு ஜோடி. ஐந்துக்கு ஐந்திலும் இவர்கள் அதே ஜோடிகள்தான். பவர் ப்ளே முடியும்போது முதல் இரண்டு லைனின் ஆட்களுக்கு மூச்சு வாங்கும். அடுத்த ஷிஃப்டுக்கு மூன்றாவது அல்லது நான்காவது லைன் முழுதாகக் காத்திருக்க வேண்டும். நான்காவது லைனுக்கு 9 நிமிடம்தானே என்று ஏனோதானோவென்று மூன்று பேரைப் போட்டால் அடி விழுவது இங்கே.

ஆள் மாறும் ஒழுங்கும் லைனின் ஒரு பகுதிதான். பெரும்பாலும் சென்டரின் பெயரைச் சொல்லித்தான் கோச் அழைப்பார், அவரது லைன் இறங்கும். நடுவிலுள்ள சிவப்புக் கோட்டைத் தாண்டி பக்கை உள்ளே ஆழமாகத் தள்ளிவிட்டு மாறுவதே பாதுகாப்பு. தாண்டாமல் தள்ளினால் ஐசிங், அதன் பிறகு மாறவே முடியாது. வெளியேறுபவர் பெஞ்சிலிருந்து 5 அடிக்குள் வந்த பிறகுதான் புதியவர் இறங்கலாம். பெஞ்சுக்கு எதிர்ப்புற விங்கருக்குத் தூரம் அதிகம் என்பதால் அவர்தான் அடிக்கடி மாட்டிக்கொள்வார். இரண்டாம் பீரியடில் பக்கம் மாறுவதால் நம் கோல் பெஞ்சிலிருந்து தள்ளிப் போய்விடும். அப்போது ஷிஃப்டை 5 விநாடி குறைத்துக்கொள்வது நல்லது. நான்கு லைனும் 45 விநாடி வீதம் ஆடினால் ஒவ்வொருவருக்கும் ஓய்வு 2 நிமிடம் 15 விநாடி. மூன்று லைனாகச் சுருக்கினால் 1 நிமிடம் 30 விநாடிதான். அதனால்தான் மூன்றாம் பீரியடின் கடைசிப் பகுதிக்கு முன்பே சுருக்குவது ஆபத்து.

கடைசியாக, ஒரு லைன் சரியாக ஆடுகிறதா என்று பார்ப்பது எப்படி? கோலை மட்டும் எண்ணாதீர்கள். ஐந்துக்கு ஐந்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 ஷாட் என்று கொண்டால், 100 நிமிடம் சேர்ந்து ஆடிய லைனுக்கு 50 ஷாட். வழக்கமாக 100 ஷாட்டுக்கு 8 கோல் அளவில் போகும், ஆக 4 கோல். இவர்கள் 7 அடித்திருந்தால் ‘கெமிஸ்ட்ரி’ என்று எல்லோரும் எழுதுவார்கள். வித்தியாசம் வெறும் 3 கோல், எதிரணிக் கோலிகளின் மோசமான இரண்டு இரவுகள் போதும் அதற்கு. இவர்கள் பனியில் இருக்கும்போது இரு அணிகளின் ஷாட்டுகளும் எங்கிருந்து வருகின்றன, யாருக்குக் கோல் அருகே அதிகம் கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். மூன்று பேரில் ஒருவர் இல்லாதபோது மற்ற இருவருக்கு என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். எதுவும் குறையவில்லையென்றால் அவர் அந்த லைனுக்குத் தேவையில்லை, வேறு லைனுக்கு அனுப்பலாம்.

பாஸ்டன் 2022 ஜனவரியில் செய்தது இந்த மாதிரிதான். பெர்ஜெரான், அப்போது அங்கே ஆடிய மார்ஷாண்ட் ஜோடி யாரைச் சேர்த்தாலும் ஓடும் என்று தெரிந்ததால், அவர்களோடு ஆடிய பாஸ்டர்நாக்கை டெய்லர் ஹால், எரிக் ஹௌலாவோடு இரண்டாவது லைனுக்கு இறக்கினார்கள். ஜோடியைத் தொடவில்லை. இரண்டு ஆட்டம் தோற்றதும் பன்னிரண்டு பேரையும் மிக்ஸியில் போட்டு அரைக்கும் கோச்சுகளும் உண்டு. அப்படிச் செய்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று அவர்களுக்கே தெரியாமல் போகும். மாற்ற வேண்டுமென்றால் முதலில் மூன்றாம் ஆளை மாற்றிப் பார்க்கலாம். அதிலும் சரிவராவிட்டால்தான் ஜோடியைப் பிரிக்க வேண்டும். எட்மன்டனில் ஆட்டத்தின் நடுவே டிரைசைட்டல் மெக்டேவிட் பக்கம் போகும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் விட்டுப்போன சென்டர் இடத்தை யார் நிரப்புகிறார், அந்த லைனுக்கு அடுத்த ஃபேஸ்ஆஃப் எந்தப் பகுதியில் கிடைக்கிறது. பெரும்பாலும் ரையன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ் போல சென்டராகவும் விங்கராகவும் ஆடத் தெரிந்த ஒருவர் அங்கே வருவார். அப்படி ஒருவர் அணியில் இருப்பதால்தான் கோச்சால் அந்த மாற்றத்தைச் செய்யவே முடிகிறது.